வயிற்று வலி என்று சொன்னார்கள்

எங்கள் தெருவில் யாராவது வயிற்று வலி என்று சொன்னால் நான் ஓமத்தைத் தேட மாட்டேன். முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். எர்ணாவூருக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் இங்கே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்கள் என்று யாருமே கிடையாது. எல்லாருக்கும் வயிற்று வலிதான். வீட்டுக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள், தெரு அதையே திருப்பிச் சொல்லும், பேப்பரில் வந்தால் அதிலும் 'தீராத வயிற்று வலி' என்றுதான் இருக்கும். அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கலாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கலாம். அதனால் கேட்டவர்கள் 'த்சொ' கொட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மாவு மில் அண்ணன் போனபோதும் அதைத்தான் சொன்னோம். நானும் சொன்னேன்.

அதற்கு முன்னால் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள், கழிமுகப் பக்கமிருந்து விடியற்காலையில் தண்ணீர் ஏறியது. சாதாரணத் தண்ணீர் இல்லை, ஆலை எண்ணெய் மிதக்கிற கறுப்புத் தண்ணீர். கையை விட்டு எடுத்தால் முழங்கை வரை கையுறை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பாயம்மாவின் மொட்டை மாடியில் பதினோரு குடும்பம் ஏறி உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் லாரி டியூப் இரண்டைப் பலகையில் கட்டி, நடக்க முடியாதவர்களை இழுத்துக்கொண்டு வந்தார். மாவு மில் அண்ணன் தன் மில் பரணில் நனையாமல் தப்பிய ரவை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார்.

"யாரு யாருக்கு உப்புமா புடிக்காதோ, அவுங்க தோ அப்பிடியே கீழ எறங்கி ஓட்டலுக்குப் போலாம்" என்று அண்ணன் சொன்னதும் மாடியே சிரித்தது.

சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அந்த நான்கு நாளும் எங்கள் தெரு சந்தோஷமாகத்தான் இருந்தது. பேசாதவர்கள் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்கவில்லை. சாவைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. தண்ணீர் நின்றவரைக்கும் எல்லாரும் உயிரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகும் இரண்டு மாதம் என் வீட்டுக்காரர் ராஜாதான். திருவொற்றியூரில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற சின்னக் கடை. வெள்ளத்தில் முங்காத மோட்டார் ஏது? தண்ணீர் மோட்டார், கிரைண்டர், மிக்சி, லேத் பட்டறை மோட்டார் என்று கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். பழைய காயிலைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். நின்றுகொண்டே சாப்பிடுவார். "டாக்டரு, நம்ம பேஷண்டு எப்ப டிஸ்சார்ஜு?" என்று மீன் மார்க்கெட் ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

அப்புறம் மோட்டார் எல்லாம் சரியாகிவிட்டது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். போட்டோ எடுக்க வந்தவர்களும் போய்விட்டார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒரு எண்ணெய்க் கோடு மட்டும் நின்றது. வெள்ளையடித்தால் பத்து நாளில் மறுபடியும் மேலே வரும். மாடியில் ஒன்றாகச் சிரித்த பதினோரு குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டோம். நான் எட்டாவதோடு நின்றவள், வீட்டில் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் தெருவில் முகங்கள் மாறியது எனக்குத் தெரிந்தது. வெள்ளத்தில் மாறாத முகங்கள், தரை நன்றாகக் காய்ந்த பிறகு மாறின.

பங்குனியில் மாவு மில் அண்ணன் போனார். அவர் மனைவி, எங்கள் அண்ணி, வாசலில் உட்கார்ந்து, "வயித்து வலி, வயித்து வலின்னாரே" என்று அழுதார். நாங்கள் எல்லாரும் 'த்சொ' கொட்டினோம். என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போகவில்லை. எதிர் டீக்கடையில் கையில் கிளாசைப் பிடித்தபடியே நின்றார், டீயைக் குடிக்கவும் இல்லை. அவர் ஏன் உள்ளே போகவில்லை என்று அன்றைக்கே எனக்குள் ஒரு முள் விழுந்தது.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னார்.

"வயிறு ஒரு மாதிரியா கீதும்மே."

கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்த மாதிரிய்யா?"

"ஒரு மாதிரின்னா ஒரு மாதிரிதான். இன்னா, படமா வரைஞ்சு காட்டுவாங்க?"

மறுநாளே இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். எல்லாரும் ஒன்றுமில்லை என்ற வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். எனக்குப் பயம்தான் கூடியது. வயிற்றில் ஒன்றுமில்லை என்றால் வலி எங்கே இருக்கிறது?

அன்றிலிருந்து நான் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். வேறு வார்த்தை போட்டுச் சொல்வதற்கில்லை, வேவுதான் பார்த்தேன். குளிக்கப் போனால் பாத்ரூம் வாசலில் துணி மடித்தேன். தூங்கினால் மூச்சைப் பார்த்தேன். கடைக்குப் போனால் ஒரு மணிக்கொரு தரம் போன் போட்டு, "சின்ன வெங்காயம் வாங்கணுமா பெரிய வெங்காயம் வாங்கணுமா?" என்று கேட்டேன். அவர் கோபப்பட்டால் நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் கோபப்படுவதை நிறுத்திவிட்டார். பூ வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். கல்யாணமான நாளாக இல்லாத பழக்கம்.

பாயம்மாவிடம் சொன்னேன்.

"புருஷன் பூ வாங்கியாந்தா பயப்படுற ஒரே பொம்பள நீதான்டி" என்றார் பாயம்மா. "எங்க வூட்டு பாய் முப்பது வருஷமா ஒரு முழம் வாங்கித் தந்ததில்ல. அதுக்கு நான் இன்னா பண்ணிட்டேன்?"

"சிரிக்காதக்கா. நல்லவரா மாறிட்டாருக்கா. அதான் பேஜாரா கீது."

"யா அல்லா. கெட்டவனா இருந்தா அழுவுறீங்க, நல்லவனா மாறுனாலும் அழுவுறீங்க."

பாயம்மா சிரித்தாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார். அவருக்கும் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அது நிஜமாகிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

அடுத்த வாரம் புளியந்தோப்பிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அண்ணன் தங்கைக்குள் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அம்மாவின் திவசத்துக்கு யார் சமைப்பது என்பதில் வந்த சண்டை.

"இன்னா அண்ணி, அண்ணன் வந்துச்சு. அரை மணி நேரம் குந்திக்கினு இருந்துச்சு, என் தலையத் தடவுச்சு, பூடுச்சு. இன்னா விசேஷம்? சாமியாராப் போவுதா?"

"இல்லடி, சும்மா பாக்கணும்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு நைட்டியைத் தைத்தேன். கழுத்துப் பக்கத்தைக் கைப்பக்கமாக வைத்துத் தைத்திருந்தேன்.

என் பிரஷர் மாத்திரைக்காக மாதம் ஒரு தரம் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போவேன். அந்த மாதம் மேலே ஏறியிருந்தது. அங்கிருக்கும் நர்சுக்கு, எனக்கு ஒரு பெண் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு வயிற்று வலி என்றேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வெள்ளம் வந்த ஏரியாவாம்மா?"

"ஆமா."

"அவருகிட்ட நேரா கேளுங்க. உயிரை விட்டுடணும்னு தோணுதான்னு."

"அபசகுனமா பேசாத பாப்பா. கேட்டா இல்லாத நெனப்பு வந்துடாதா?"

"கேட்டா புதுசா வராதும்மா. ஏற்கெனவே இருந்தா, சொல்றதுக்கு ஒரு எடம் கெடைக்கும். வெள்ளம் வடிஞ்சி பல மாசம் கழிச்சிதான் நெறைய பேருக்கு இந்த மாதிரி வருது. 'ஆமா'ன்னு சொன்னா தனியா விடாம கூட்டிக்கினு வந்துடுங்க."

நான் அவளையும் சந்தேகப்பட்டேன். சின்னப் பெண், படித்ததை ஒப்பிக்கிறாள். வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு கேள்வி கேட்டு வைத்து, அவர் அப்படியே எழுந்து போய்விட்டால் இவளா வந்து பதில் சொல்வாள்? கேட்க வேண்டும், கேட்கக் கூடாது என்று இரண்டு வாரம் ஓட்டினேன். கேள்வி நாக்கு வரைக்கும் வரும். "குழம்புக்கு உப்பு போதுமா?" என்று முடியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், யானைக்கவுனிப் பக்கம் போய் காப்பர் கம்பி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். கடையில் ஒரு மோட்டார்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை இல்லாத கடைக்குக் கம்பி எதற்கு? பாயம்மாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, முக்காடு போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

கம்பி வாங்கினார். அதை என் கண்ணால் பார்த்தேன். டீ குடித்தார். திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் ஏறினார். நான் பின்னால் வந்த ஆட்டோவில். தண்டையார்பேட்டை தாண்டியது, திருவொற்றியூர் தாண்டியது. கடைக்கு இறங்க வேண்டிய இடத்தில் அவர் இறங்கவில்லை. எங்கள் தெரு நுழைகிற இடத்தில் இறங்கினார், ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பின்சந்து வழியாகப் போய், மாவு மில்லின் ஷட்டரைத் தட்டினார். அண்ணி திறந்தார். இவர் உள்ளே போனார். ஷட்டர் பாதி இறங்கியது.

அந்தச் சந்தில் நின்று நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. சாமி, இது வேறு மாதிரி சமாசாரமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பூவுக்கும், தட்டு கழுவினதற்கும், வயிற்று வலிக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாக இருக்கட்டும். கத்துவேன், முடியைப் பிடிப்பேன், ஒரு வருஷம் பேச மாட்டேன். ஆள் உயிரோடு இருப்பாரே.

ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.

மில் மோட்டாரைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தார். பழைய காயில் கறுப்பாக ஒரு பக்கம் கிடந்தது. இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து புதுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணி தள்ளி, காலி டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மில் முழுக்க எண்ணெய் வாசனை, புளித்த மாவு வாசனை.

"இன்னாம்மே, நைட்டி தச்சிட்டியா?" என்றார், என்னைப் பார்த்து. பின்னால் வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இது எதுக்குய்யா? இந்த மில்லை யாரு ஓட்டப் போறாங்க?"

"இது தேறாதுன்னு சொல்லிட்டேன்மே."

கம்பியைச் சுற்றுகிற கை நிற்கவில்லை. பேச்சு மட்டும் தரையைப் பார்த்து வந்தது.

"மாசி மாசம் அண்ணன் கடைக்கு வந்தாரு. மோட்டாரைப் பாத்தேன். எண்ணெ எறங்கி உள்ள பூரா கலீஜாக் கெடந்துச்சி. அன்னிக்கி ஏழு மோட்டாரு வரிசைல கீது. 'அண்ணே, இது தேறாது, தூக்கிப் போட்டுடு'ன்னுட்டேன். கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னாரு. 'வயித்து வலி தாங்கல நைனா'ன்னாரு. நான் நிமிந்துகூடப் பாக்கல. 'ஒரு பன்னீர் சோடா அடிண்ணே, சரியாப்பூடும்'ன்னேன்." அப்போதுதான் கை நின்றது. "சோடா அடின்னேன்மே. வயித்து வலின்னா இன்னான்னு நமக்குத் தெரியாதா? செத்தாதான் நமக்கு அந்த வார்த்த புரியும். உயிரோட ஒருத்தன் வந்து சொன்னா, சோடா."

அண்ணி பேசினார், டின்மேல் உட்கார்ந்தபடியே.

"எங்கிட்டயும்தான் சொன்னாரு. நான் மோரு குடுத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஊரு பூரா, வயித்து வலின்னு நான் பொய் சொல்றேன்னு நெனச்சிக்கினு கீறீங்க. எனக்குத் தெரியாதா இன்னா? நான் பொய் சொல்லல. அவுரு எங்கிட்ட இன்னா சொன்னாரோ அதத்தான் சொன்னேன்."

அண்ணி டீ போட உள்ளே போனார். இனியும் உப்பையும் வெங்காயத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்து கம்பியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"உனக்கும் அப்பிடித் தோணுதாய்யா? சாவணும்னு?"

அவர் உடனே 'ச்சீ' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன் போல. அவர் சொல்லவில்லை.

"டெய்லி இல்ல" என்றார்.

நர்சு சொன்னது போல எதுவும் ஆகவில்லை. அதாவது, சொல்வதற்கு ஒரு இடம் கிடைத்தது என்று நிம்மதி எல்லாம் வரவில்லை. எனக்கு அவரை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. "நாளைக்கி காலைல ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். "சரி" என்றார். அந்த 'சரி'யையும் நான் நம்பவில்லை. பாயம்மாவைக் கூப்பிட்டு, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. தன் வீட்டுக்காரரை அனுப்பி வைத்தார். பாய் எங்கள் வீட்டில் பாய் விரித்து, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே படுத்தார். பயங்கரமாகக் குறட்டை விட்டார்.

"பாயி, உன் கொறட்டையக் கேட்டா எமனே ஓடிப்பூடுவான்யா" என்று காலையில் என் வீட்டுக்காரர் சொன்னார். பல வாரத்தில் அவர் அடித்த முதல் கிண்டல். உண்மையான கிண்டலா, என்னை ஏமாற்ற அடித்த கிண்டலா என்று ஆட்டோவில் போகிற வழியெல்லாம் யோசித்தேன்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் நல்ல கூட்டம். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல், "இன்னா ப்ராப்ளம்?" என்றார்.

"வயித்து வலி சார்" என்றார் என் வீட்டுக்காரர். வாய்ப் பழக்கம்.

"வயித்து வலியா, அந்தப் பக்கம், பன்னெண்டாம் ரூம்." சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கம்பியில் கையை வைத்தார். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், அதில் எங்கள் ஏரியா ஆட்களும் இருக்கலாம்.

"வயித்து வலி இல்ல சார். சாவணும்னு தோணுது. அதுக்கு எந்த ரூம்?"

சீட்டு எழுதினவர் தலையைத் தூக்கினார். பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு எழுதினார். தானே எழுந்து வந்து வழி காட்டினார். பின்னால் நின்றவர்களில் ஒரு அம்மாள், "நல்லபடியா போய்ட்டு வாப்பா" என்றாள். 'த்சொ' கொட்டவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வரச் சொன்னார்கள், பேச வைத்தார்கள். முதல் மாதம் அவர் மாத்திரை போடுகிறாரா, நாக்குக்கு அடியில் ஒளிக்கிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். "இன்னும் கொஞ்சம் உள்ள டார்ச் அடிச்சிப் பாரு, காயில் எரிஞ்சி கீதா" என்பார். மில் மோட்டார் ஓடியது. அண்ணி மில்லை நடத்தவில்லை, ஒரு தண்டையார்பேட்டை ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். மோட்டார் ஓடுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஓடாத நாளில் நான் எட்டிப் பார்ப்பேன்.

இது ஐப்பசி. போனில் மழை எச்சரிக்கை வந்தபடியே இருக்கிறது. தெருவில் எல்லாரும் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கிறது வேறு. யார் வீட்டில் யார் நல்லவராக மாறுகிறார்கள் என்று பார்க்கிறேன். என்னை மூக்கை நுழைக்கிறவள் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். இரண்டு வீட்டில் நேராகவே கேட்டுவிட்டேன். ஒரு வீட்டில் துடைப்பத்தைத் தூக்கினார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மாள் என்னோடு கிளம்பி நர்சைப் பார்க்க வந்தாள்.

அவரிடம் வாரம் ஒரு தரம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, நாஷ்டா நேரத்தில். "இன்னிக்கி இல்ல" என்பார். சில வாரம், "கொஞ்சம் கீது, முழுசாப் போவல" என்பார். அன்றைக்குக் கடைக்கு விடாமல் என்னோடு உட்கார வைப்பேன், பாயம்மா வந்து பேசிக்கொண்டிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை, தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன். "இன்னிக்கி இல்ல" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், வழக்கம் போல. அவரும் என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு?"

"எனக்கு இன்னா?"

"ஆறு மாசமா எல்லாரையும் கேட்டுக்கினு சுத்துற. உன்ன எவனாச்சும் கேட்டானா?"

தோசை தீய்கிறது என்றேன். அவர் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். தரையில் உட்கார்ந்து, எதிரில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். சாவணும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் நீ போய்விட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் ஆறு மாதம் போய்விட்டது என்று சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. அவர் நடுவில் ஒரு தரம்கூடக் குறுக்கே பேசவில்லை.